“டீச்சர், வயிறு வலிக்குது!”



இந்தத் தலைப்பை வாசித்ததும் உங்களில் பலர் புன்னகைத்திருப்பீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக ஓராண்டு பணியாற்றியவர்கூட இந்தச் சொற்றொடரைப் பல நூறு முறை கேட்டிருப்பார். காலைச் சபைகூடலில் ஒருமுறை, ஓய்வு நேரத்திற்குப் பின் ஒருமுறை, சோதனைத்தாளை எடுத்து மேசையில் வைத்தால் இரண்டு மூன்று முறை! வீட்டுப்பாடம் செய்யாத மாணவனுக்கு வயிற்றுவலி வரும் என்பது ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லிச் சிரிக்கும் பழைய நகைச்சுவை. நானும் சிரித்தவள்தான். அந்தச் சிரிப்பு எனக்குள் நின்றுபோன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அண்மையில் ஒரு தாயார் தம் ஏழு வயது மகனை அழைத்து வந்து, “ஸ்கேன் எடுத்தாச்சு, இரத்தம் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் தினமும் வலிக்கிறது என்கிறான். அடித்தும் பார்த்துவிட்டேன்,” என்று கண்கலங்கினார். அவருக்கு நான் வாய்வழியாகச் சொன்னதையே சற்று விரிவாக எழுதலாம் எனத் தோன்றியது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் மருத்துவர் அல்லள். முப்பது ஆண்டுகளாகத் தமிழ்மொழி போதிக்கும் ஆசிரியை. எனக்குத் தெரிந்தவை ஒரு மருத்துவர் கற்றுக்கொடுத்தவையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்தவையும், வகுப்பறையில் கண்டவையும்தான்.

2012-ஆம் ஆண்டு. பேரா மாநிலத்தில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சிறிய பள்ளியில் அப்போது நான் பணியில் இருந்தேன். நான்காம் ஆண்டில் ஒரு மாணவி. தந்தை லாரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டார். தாயார் தொழிற்சாலையில் முறைமாற்று வேலை செய்தார். பாட்டிதான் பிள்ளையை வளர்த்தார். அமைதியான பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளுக்கு அடிக்கடி வயிறு வலிக்கும். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்பாள். முகம் வெளிறிவிடும்; மேசைமேல் சாய்ந்துகொள்வாள். அரைமணி, ஒருமணி கழித்து ஒன்றுமே நடவாததுபோல எழுந்து விளையாடப் போய்விடுவாள். இந்தக் கடைசிப் பகுதிதான் என்னைச் சினமூட்டியது. “உண்மையாகவே வலித்தால் இப்படி ஓடியாட முடியுமா?” என்று எண்ணினேன். ஒருநாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி, “நல்லா நடிக்கிறாய். ஆசிரியர் தின நாடகத்தில் உன்னையே போட்டுவிடலாம்,” என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் இரண்டு வாரம் என்னிடம் வயிற்றுவலி என்று அவள் வரவே இல்லை. என் கண்டிப்பு பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் பாட்டி பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் கோடாலித் தைலப் புட்டி, சிறிய டப்பாவில் ஓமம், கொஞ்சம் விளக்கெண்ணெய். “டீச்சரம்மா, புள்ளைக்கு வயிறு வலிச்சா இத கொஞ்சம் தடவி விடுங்க. ஒங்ககிட்ட சொல்ல பயப்படுது. கக்கூசுல போய் ஒக்காந்துகிட்டு அழுவுதாம்,” என்றார்.

அந்த ஒரு சொற்றொடரைக் கேட்டபின் நான் அந்தப் பிள்ளையைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

அடுத்த வாரம் பாட்டியோடு நானும் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் சென்றேன். இளம் பெண் மருத்துவர். அவசரப்படவில்லை. எடையும் உயரமும் பார்த்து வளர்ச்சி அட்டவணையில் குறித்தார். வயிற்றை நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். சிறுநீர்ச் சோதனை செய்தார். மலச்சிக்கல் உண்டா, பூச்சி மருந்து கொடுத்தீர்களா, பால் குடித்தால் வலிக்கிறதா, இரவுத் தூக்கத்திலிருந்து வலியால் எழுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முடிவில், “கவலைப்படும்படியான நோய் எதுவும் தெரியவில்லை,” என்றார். நான் உடனே, “அப்படியானால் வலி பொய்யா, டாக்டர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “நோய் இல்லை என்றேன், வலி இல்லை என்று சொல்லவில்லையே,” என்றார்.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத்தான் எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இத்தகைய வலியை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜான் அப்லி. அவரும் நோரா நேயிஷும் 1,000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்று மாதக் காலத்தில் குறைந்தது மூன்று முறை, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வயிறு வலித்தால் அதனை ‘மீண்டும் மீண்டும் வரும் வயிற்றுவலி’ என்று வகுத்தவர்கள் அவர்கள்தாம். பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு அப்படி வலி இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் உடல்நோய் எதுவும் காணப்படவில்லை. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் பள்ளி மாணவர்களிடையே ஆய்வு நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் ஏறத்தாழ அதே அளவையே காட்டியது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் மூவர் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ‘நடிப்பு’ என்று நான் எத்தனை பேரை ஒதுக்கியிருப்பேனோ!

வலி எப்படி வருகிறது? நம் குடலின் சுவர்களுக்குள்ளேயே பல கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. அச்சம் வந்தால் குடலின் அசைவு மாறுகிறது, தசை இறுகுகிறது. சில பிள்ளைகளுக்கு இந்த நரம்புகள் மிகவும் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவர் உணராத சாதாரணக் குடல் அசைவையும் வாயுவையும் அவர்களின் மூளை வலியாகவே உணர்கிறது. சில வேளைகளில் உண்மையான ஒரு வயிற்றுப்போக்குக்குப் பின், நோய் போனபிறகும் இந்தக் கூர்மை மட்டும் தங்கிவிடுவதுண்டு. அந்த மருத்துவர் பாட்டிக்குச் சொன்ன விளக்கம் இன்னும் எளிமையானது: “வீட்டில் திருடன் இல்லை, பாட்டி. ஆனால் பூனை நடந்தால்கூட நாய் குரைக்கிறது. குரைப்பது உண்மைதானே?”

தமிழர்களாகிய நமக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்கவே கூடாது. அச்சம் வந்தால் ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்கிறோம். ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்கிறோம். பொறாமைக்கு ‘வயிற்றெரிச்சல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். மரபுத்தொடர் பாடத்தில் இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் நான் போதித்து வந்தேன். பொருள் எழுதச் சொன்னேன், வாக்கியம் அமைக்கச் சொன்னேன். கண்முன்னால் ஒரு பிள்ளைக்கு வயிற்றில் புளி கரைந்துகொண்டிருந்தபோது மட்டும் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

மருத்துவர் ஒரு வேலை கொடுத்தார். நான்கு வாரங்களுக்கு வலி வரும் நாள், நேரம், அதற்குமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறிப்பெடுக்க வேண்டும். பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஆகவே, வீட்டில் நடப்பதை அவர் சொல்லச் சொல்ல நானே ஒரு பயிற்சிப்புத்தகத்தில் எழுதினேன். நான்கு வாரத்தில் ஒன்பது குறிப்புகள். அவற்றில் ஐந்து செவ்வாய், வியாழன் காலைகளில். மூன்று திங்கள், புதன் இரவுகளில். எஞ்சிய ஒன்று, உறவினர் வீட்டில் நாசி லெமாக் அளவுக்கு மீறிச் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டுவிடலாம்.

செவ்வாயும் வியாழனும் என் வாசிப்பு நாள்கள்.

என் வாசிப்பு முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாணவர் பெயர்களை ஐஸ்கிரீம் குச்சிகளில் எழுதி ஒரு காலி மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பேன். டின்னைக் குலுக்கி ஒரு குச்சியை எடுப்பேன். யார் பெயர் வருகிறதோ அவர் முன்னே வந்து, நான் சுட்டும் பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். தடுமாறினால் நின்றபடியே இருக்க வேண்டும். அடுத்தவர் வாசித்து முடித்தபின் மீண்டும் அவர் வாசிக்க வேண்டும். யாரும் சோம்பியிருக்க முடியாது என்பதால் இந்த முறையில் எனக்கு மிகுந்த பெருமை. பட்டறை ஒன்றில் மற்ற ஆசிரியர்களுக்கு விளக்கியும் காட்டியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளையை ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்திற்கு அழைத்து மெதுவாகக் கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “டின்னு சத்தம் கேட்டா வயித்த புடிச்சுக்கும், டீச்சர்,” என்றாள்.

இதைக் கேட்டவுடன் நான் டின்னைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால், நடந்தது அதுவன்று. ‘மற்ற இருபத்திரண்டு பேருக்கு வலிக்கவில்லையே, இவளுக்காக ஏன் மாற்ற வேண்டும்? இவளல்லவா பழகிக்கொள்ள வேண்டும்?’ என்றுதான் முதலில் வாதிட்டேன். டின் தொடர்ந்து குலுங்கியது. அதற்கு மாற்றாக, மருத்துவர் சொன்ன தளர்வுப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். அவற்றைப் பற்றி இனிச் சொல்கிறேன். டின்னுக்குப் பிறகு வருகிறேன்.

முதலாவது மூச்சு. பதற்றத்தில் இருக்கும் பிள்ளை மார்பால் மட்டும் மேலோட்டமாக மூச்சு விடும். தோள்கள் ஏறி இறங்கும். அதனை வயிற்றுக்குக் கொண்டுவர வேண்டும். நூல்நிலையத் தரையில் பாய் விரித்து அவளைப் படுக்கச் சொன்னேன். தொப்புளின்மேல் ஒரு மெல்லிய கதைப்புத்தகத்தை வைத்தேன். மூச்சை இழுக்கும்போது புத்தகம் மேலே ஏற வேண்டும். விடும்போது இறங்க வேண்டும். மூன்று எண்ணி இழுப்பது, ஐந்து எண்ணி விடுவது. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் முதன்மையானது. அப்போதுதான் நெஞ்சுத்துடிப்பு மெல்ல அடங்கும். ‘ஆழமாக மூச்சு விடு’ என்று வெறுமனே சொன்னால் பிள்ளைகள் தோளை உயர்த்தி மார்பைப் புடைத்துக்கொண்டு நிற்பார்கள், தலைதான் சுற்றும். புத்தகம் கண்ணுக்குத் தெரிவதால் அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மூன்றாம் நாளே, “டீச்சர், கப்பல் மாதிரி போவுது,” என்றாள்.

இரண்டாவது, தசைகளை இறுக்கித் தளர்த்துவது. அமெரிக்க மருத்துவர் எட்மண்டு ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட முறையின் சுருங்கிய வடிவம் இது. தளர்வு என்றால் என்னவென்று சொல்லிப் பிள்ளைக்கு விளங்கவைக்க முடியாது. இறுக்கத்தை உணரவைத்து, பின் விடச் சொன்னால் தானாகவே விளங்கும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவற்றையே எடுத்துக்கொண்டேன். துருவிய தேங்காயைக் கையில் எடுத்துக் கடைசிச் சொட்டுப் பால் வரைக்கும் பிழி. இப்போது சக்கையைப் போட்டுவிடு. ஆமைபோலத் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள். இப்போது வெளியே வா. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொட்டித் தண்ணீரை வயிற்றில் ஊற்றினால் வயிறு எப்படி இறுகும்? அப்படி இறுக்கு, இப்போது வெந்நீர் ஊற்றியாயிற்று, விடு. ஒவ்வொன்றும் ஐந்து எண்ணும் நேரந்தான். இதில் தேங்காய்ப்பால்தான் அவளுக்கு மிகவும் பிடித்தது. மேசைக்கடியில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் அல்லவா?

மூன்றாவது கற்பனை. கண்ணை மூடி, மனத்திற்கு இதமான ஓர் இடத்திற்குப் போவது. இங்கே நான் ஒரு தவறு செய்தேன். நானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். பங்கோர் கடற்கரை, அலை, மணல் என்று அழகு தமிழில் வருணித்துக்கொண்டே போனேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் முகம் இறுகியிருந்தது. “எனக்குக் கடல்னா பயம், டீச்சர்.” சரி, உனக்கு எங்கே பிடிக்கும் என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள கோழிக்கூண்டைச் சொன்னாள். அடைகாக்கும் கோழியின் கீழ்க் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்குமாம். பாட்டிக்குத் தெரியாமல் அடிக்கடி விடுவாளாம். கோழி கொத்தாதா என்றால், “என்னக் கொத்தாது,” என்றாள் உறுதியாக. அதையே வைத்துக்கொண்டோம். கண்ணை மூடு, கோழியின் கீழ்க் கையை விடு, கை சூடாகிறதா? சூடான கையை எடுத்து வயிற்றின்மேல் வை. அந்தச் சூடு உள்ளே இறங்கட்டும். பின்னாளில் தேடிப் படித்தபோது, கையின் வெதுவெதுப்பை வயிற்றுக்குக் கொண்டுசெல்லும் இத்தகைய கற்பனையை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்து வியந்தேன்.

இவையெல்லாம் மனத்தேற்றலுக்குச் சொல்லும் வெறும் பேச்சல்ல. நெதர்லாந்தில் 53 பிள்ளைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றை மையமாகக் கொண்ட அறிதுயில் பயிற்சி பெற்றோரில் 85 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பின் வலியிலிருந்து பெருமளவு விடுபட்டிருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 25 விழுக்காட்டினரே அப்படி இருந்தனர். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலேயே கற்பனைப் பயிற்சி செய்த பிள்ளைகளும் மற்றவர்களைவிட நல்ல பயன் கண்டனர். சிறிய ஆய்வுகள்தாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் பலித்துவிடவும் இல்லை. ஆனாலும் பக்கவிளைவு இல்லாத, செலவு இல்லாத ஒன்றை முயன்று பார்ப்பதில் என்ன இழப்பு?

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இப்பயிற்சிகளை வலி இல்லாத நேரத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும். நீச்சலைத் தண்ணீரில் மூழ்கும் பிள்ளைக்குக் கற்பிக்க இயலுமா? தினமும் பத்து நிமிடம், படுக்கப் போகும்முன் செய்தால் நன்று. இரண்டு மூன்று வாரம் பழகிய பின்னரே வலி வரும்போது அது கைகொடுக்கும். பெற்றோர் பலர் வலி உச்சத்தில் இருக்கும்போது, “மூச்சு விடு! டீச்சர் சொன்ன மாதிரி மூச்சு விடு!” என்று கத்துகிறார்கள். கத்துபவரின் மூச்சை முதலில் பார்க்க வேண்டும்.

பாட்டி செய்துவந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கெண்ணெயைக் கையில் சூடுபறக்கத் தேய்த்து, தொப்புளைச் சுற்றி மெல்ல வட்டமாகத் தடவிவிடுவார். வாயில் ஏதோ முணுமுணுப்பார். பிள்ளை பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். படித்த நான் அதை மூடப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். வெதுவெதுப்பு, மெதுவான தொடுகை, ஒரே சீரான ஒலி, பதறாத முகம்: இவற்றைவிடச் சிறந்த தளர்வுப் பயிற்சி வேறென்ன? ஆனால், ‘குடல் ஏற்றம்’ என்று சொல்லி வயிற்றை அழுத்திப் பிசைவதும் தட்டுவதும் கூடவே கூடாது. உள்ளே குடல்வால் அழற்சி போன்றது இருந்தால் பெருங்கேடு விளையும்.

இனி ஓர் எச்சரிக்கை. வலி தொப்புளை விட்டு விலகி, குறிப்பாக வலப்பக்க அடிவயிற்றில் இருந்தால், தூக்கத்திலிருந்து பிள்ளையை எழுப்பினால், காய்ச்சலோ இடைவிடாத வாந்தியோ பச்சை நிற வாந்தியோ இருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், சிறுநீர் கழிக்க எரிந்தால், எடை குறைந்தால், வளர்ச்சி தேங்கினால், கண் மஞ்சளித்தால் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், முதன்முறை மருத்துவர் பார்த்த பின்னரே தளர்வுப் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

மிக எளிய காரணங்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. காலை ஆறு மணிக்கே வேன் ஏறும் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது. பத்து மணிக்கு எண்ணெயில் பொரித்ததைத் தின்கிறது. பால் செரிக்காத பிள்ளைக்குத் தினமும் மைலோவில் பாலைக் கரைத்துக் கொடுக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக் கழிப்பறை! தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம் என்று பகல் ஒருமணி வரைக்கும் அடக்கிவைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? அடக்கி அடக்கியே மலம் இறுகி வலி வருகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மேடைக்குத் திரைச்சீலை வாங்குவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறோம். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வீட்டில் எப்படி நடந்துகொள்வது? இதுதான் பெற்றோர் பலரும் கேட்பது. அமெரிக்க உளவியலறிஞர் லின் வாக்கரும் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்று எனக்குக் கண்திறப்பாக அமைந்தது. பிள்ளைகளுக்கு நிறையத் தண்ணீர் கொடுத்து வயிற்றில் அசௌகரியத்தை உண்டாக்கினர். ஒரு பகுதிப் பெற்றோரை, ‘எங்கே வலிக்கிறது, ஐயோ பாவம்’ என்று கவனிக்கச் சொன்னார்கள். மற்றொரு பகுதியினரைப் பேச்சை வேறு திசையில் திருப்பச் சொன்னார்கள். கவனிக்கப்பட்ட பிள்ளைகளின் முறையீடு ஏறக்குறைய இருமடங்கானது. பேச்சு திசைதிரும்பிய பிள்ளைகளிடம் பாதியாகக் குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், வலியுள்ள பிள்ளைகளே பேச்சைத் திருப்பியதுதான் நன்றாக இருந்தது என்றனர். பெற்றோரோ அதுதான் பிள்ளைக்குத் தீங்கு என்று எண்ணினர்!

ஆகவே, பள்ளி விட்டு வந்ததும் “இன்றைக்கு வலித்ததா?” என்று தொடங்காதீர்கள். வலிக்கிறது என்று பிள்ளையே சொன்னால் நம்புங்கள். “தெரியும்மா, கொஞ்ச நேரத்தில் போய்விடும், கோழியிடம் போய்ட்டு வா,” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். வலிக்கிறது என்று வீட்டில் நிறுத்தினால் தொலைக்காட்சியும் கைப்பேசியும் கொடுத்துக் கொண்டாடாதீர்கள். முடிந்தவரை பள்ளிக்கு அனுப்புங்கள். அரைநாள் என்றாலும் அனுப்புங்கள். நம்புவது வேறு, கொஞ்சுவது வேறு. எழுதுவதற்கு எளிது, செய்வதற்குக் கடினம் என்று தெரியும்.

இனி மைலோ டின்னுக்கு வருகிறேன்.

ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் இரவு வலி அறவே நின்றது. பாட்டிக்கு மிகுந்த மகிழ்ச்சி; வீட்டில் பறித்த முருங்கைக்கீரையை ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால், செவ்வாய், வியாழன் காலைவலி மட்டும் முற்றாகப் போகவில்லை. குறைந்தது, அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை. டின்னைக் கையில் எடுத்தேன். அவளைப் பார்த்தேன். இரண்டு கைகளும் மேசைக்கடியில் இருந்தன. தோள் அசைவதிலிருந்து தெரிந்தது, தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். உதடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தன. நான் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும், நான் உண்டாக்கும் ஒன்றைத் தாங்கிக்கொள்வதற்காக அவள் செய்துகொண்டிருந்தாள்.

டின்னைக் கீழே வைத்தேன். அன்று எல்லாரும் சேர்ந்து வாசித்தோம். மறுவாரம் முதல், யார் எந்தப் பத்தியை வாசிக்க வேண்டும் என்று முதல்நாளே கரும்பலகையில் எழுதிவிட்டேன். தடுமாறினால் நிற்கவைக்கும் வழக்கத்தையும் கைவிட்டேன். நான் அஞ்சியதுபோல யாரும் சோம்பேறியாகிவிடவில்லை. இதற்குமுன் வாயே திறவாத இரண்டு பையன்கள்கூட வீட்டில் பழகிவந்து தெளிவாக வாசித்தார்கள். அவர்களுக்கும் வயிறு வலித்திருக்குமோ என்னவோ, நான் கேட்டதில்லை.

கடந்த 2023-இல் ஒரு திருமண விருந்தில் அவளைக் கண்டேன். பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அடையாளம் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், கோழி ஞாபகம் இருக்கா?” என்றாள். பாட்டி காலமாகிவிட்டாராம். கோழிகளையும் விற்றுவிட்டார்களாம். எஸ்.பி.எம். தேர்வின்போதும் நேர்முகத் தேர்வின்போதும் அந்தக் கோழிக்கடியில் கைவிட்டுத்தான் போனேன் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “அப்போ அந்தப் பயிற்சிதான் உன் வலியை நிறுத்தியதா?” என்று கேட்டேன்.

“அதுவுந்தான், டீச்சர்,” என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆனா நீங்க எந்தப் பக்கம்னு முன்னாடியே எழுதிப் போட்டுட்டீங்களே,” என்றாள்.

அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.